சத்தமில்லாத அணில்

பிரான்சுக்குக் களவாக அனுப்புவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன், வழியில் மொஸ்கோவில் எங்களை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தான். யன்னல் சீலையை விலக்க விடமாட்டான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று டிவியைச் சத்தமில்லாமல் போட்டு, ஒரு அணில் கார்ட்டூன் பார்ப்போம். அந்த ஊரிலேயே ஒரு சின்ன ஸ்டூடியோ செய்தது. அணிலுக்கு வால்கூட ஒழுங்காக ஆடாது.

இன்று அந்த ஸ்டூடியோ பெரிதாக வளர்ந்துவிட்டது. அணில் பிரெஞ்சு பேசுகிறது. இங்கே பாரிஸில், லா சப்பல் தமிழ்க் கடைகளில் புத்தகப்பையாகத் தொங்குகிறது. அதை எந்த எல்லையிலும் ஒருவரும் மறிக்கவில்லை.

என் மகளும் அதைத்தான் பார்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்தால் என் கை தானாகவே சத்தத்தை நிறுத்திவிடும்.

"ஒண்டும் கேக்கேல்லை அப்பா. ஏன் எப்பவும் நிப்பாட்டுறீங்கள்?"

சத்தத்தைக் கூட்டினாள். வெளியே நல்ல வெயில். நான் எழுந்துபோய் யன்னல் சீலையை இழுத்து மூடினேன்.