எடுக்காமல் விட்ட ஐந்து சீட்டுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பிற்பகல். இடம், ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் கேன்டீன்.

நாளிதழ் ஒன்றில் சில காலம் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, நிறுவனத்தின் மாத இதழைத் தயாரிக்க இங்கே வந்தவன் நான். வந்த வேலையோடு விழாக்குழுவில் ஓர் இடமும் ஒட்டிக்கொண்டது. பூஜைக்கு முதல் நாள் இயந்திரங்களை நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்த பிறகு, பிரிவுகளுக்கு இடையே நாடகப் போட்டி நடக்கும். பரிசு ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ்தான். ஆனால் அந்த ஹாட்பாக்ஸுக்காகப் பொங்கல் வரை ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

சண்டைக்குக் காரணம் நடுவர்கள். மேலாளர்கள் மூன்று பேர் உட்காருவார்கள். அவர்களில் யாருடைய குரல் பெரிதோ, அவருடைய பிரிவு ஜெயிக்கும். தரப் பரிசோதனைப் பிரிவில் ஒரு பெண் இருந்தார், வாலாஜாபாத் பக்கத்துக்காரர். தொழிற்சாலை முழுவதும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். அந்தப் பிரிவின் நாடகங்களை எழுதி, நடிக்கச் சொல்லிக்கொடுப்பது அவர். நன்றாக எழுதுகிறவர் என்பதை அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஆனாலும் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அந்த ஆண்டு போட்டிக்குப் பெயர் கேட்கப் போனபோது, இனிமேல் எழுதுவதாக இல்லை என்றார்.

“டீ டைம்லயே ரிசல்ட் தெரிஞ்சிடுது சார். அப்பால இன்னாத்துக்கு நான் கண்ணு முழிச்சு எழுதணும்?”

இதை விழாக்குழுவில் சொன்னேன். சொல்லும்போதே, ஞாயிறு இணைப்பிதழுக்காக எப்போதோ திருத்திக்கொடுத்த ஒரு கட்டுரை நினைவுக்கு வந்தது. பழைய கிரேக்கத்தில், ஏதென்ஸ் நகரத்தில், ஒரு தெய்வத்தின் திருவிழாவில்தான் நாடகப் போட்டி நடந்தது. ஊர் வேலையை நிறுத்திவிட்டு மலைச்சரிவில் போய் உட்கார்ந்துவிடும். நடுவர்களை அவர்கள் குலுக்கலில் எடுத்தார்கள். குடிமக்கள் பத்துக் குழுக்களாக இருந்ததால் குழுவுக்கு ஒரு குடம், ஒவ்வொரு குடத்திலிருந்தும் ஒரு பெயர். பத்துப் பேரும் தீர்ப்பை எழுதிப் போடுவார்கள். அதிலும் ஐந்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து எண்ணுவார்கள். மிச்சம் ஐந்தை எண்ணுவதில்லை. யாரைக் கையில் போட்டுக்கொண்டாலும் பலன் நிச்சயமில்லை.

மனிதவள மேலாளர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ என்னை யாரும் திட்ட முடியாது, இல்லையா?” என்று கேட்டார். முடியாது என்றேன். அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற பேதமில்லாமல் எல்லோருடைய பெயரையும் சேர்த்தோம். ஏதென்ஸ் குடத்தில் பெண்களின் பெயரும் அடிமைகளின் பெயரும் இருந்ததில்லை. அந்த வகையில் எங்கள் குலுக்கல் ஒரு படி மேல்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். “சரி, கடைசியா ஒண்ணு எழுதறேன். இதுவும் தில்லுமுல்லா போச்சுன்னா என்னைக் கேக்காதீங்க” என்றார்.

பூஜைக்கு முந்தைய நாள், நாடகம் தொடங்குவதற்குச் சற்று முன் எல்லோர் எதிரிலும் நடுவர்களாகப் பத்துப் பெயர்களை எடுத்தோம். குடத்துக்குப் பதில் கேன்டீனின் எவர்சில்வர் சாம்பார் வாளி. எவ்வளவு தேய்த்தும் பெருங்காய வாசனை போகவில்லை. பாத்திரம் கழுவும் அம்மா, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், வாசல் காவலாளி என்று பெயர்கள் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் விசில் பறந்தது. பேக்கிங் பிரிவிலிருந்து வந்த பெயர் ஓர் ஒடிசாக்காரருடையது, அவர் வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தன் பெயரைக் கேட்டு எழுந்தவருக்கு எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் இந்தியில் விளக்கிச் சொன்ன பிறகு, முன்வரிசைக்கு வந்து பரீட்சைக்கு உட்காருவதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

முதல் எதிர்ப்பு அக்காவிடமிருந்தே வந்தது. “என் டிராமா ஃபுல்லா பேச்சு சார். அவருக்குத் தமிழே தெரியாது. இன்னா புரியும்?” வேறு சீட்டு எடுக்கச் சொன்னார். மேலாளர், குலுக்கல் என்றால் குலுக்கல்தான் என்று நகர்ந்துவிட்டார். பெயின்ட் பிரிவு ஆட்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். “அக்கா, நீ இந்தியில வசனம் எழுது, நாங்க வெயிட் பண்றோம்” என்றான் ஒருவன்.

அக்கா நடிக்க இருந்த இருவரையும் கைகழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அவருடைய நாடகம் இதுதான். கணவனுக்குப் பகல் ஷிஃப்ட், மனைவிக்கு இரவு ஷிஃப்ட். இருவரும் சந்திப்பது வல்லக்கோட்டை நிறுத்தத்தில், கம்பெனி பஸ்ஸில் அவர் இறங்கி இவர் ஏறும் அந்த ஒரு நிமிடம் மட்டும். அப்போது வீட்டுச் சாவி கைமாறும். முடிவில் மனைவி பார்வையாளர்களைப் பார்த்து நீளமாகத் தன் குறையைச் சொல்லி அழ வேண்டும். ஒத்திகையில் நான் கேட்டிருக்கிறேன், உருக்கமான வசனம். குழாயடியில் நின்று அதை அப்படியே வெட்டினார்.

“ஒண்ணும் பேசாத. சாவியக் குடு, ஆனா விடாத. அவனும் இழுக்கக் கூடாது. ஹாரன் அடிச்சப்புறம் விடு.”

அவர்கள் மேடையேறியபோது என் கண் முன்வரிசையில் இருந்தது. பாதி நாடகம் வரை ஒடிசாக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டார். சாவியை இரண்டு கைகளும் பிடித்தபடி நின்ற இடத்தில், தட்டுச் சத்தம் ஓயாத அந்தக் கேன்டீன் அமைதியானது. திரைக்குப் பின்னால் யாரோ வாயால் ஹாரன் அடித்தார்கள். அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று சத்தம் போட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

நான்கு நாடகங்களும் முடிந்தன. பத்துப் பேரும் தங்களுக்குப் பிடித்த நாடகத்தின் எண்ணை எழுதி வாளியில் போட்டார்கள். ஏதென்ஸ் வழக்கப்படியே மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து சீட்டுகளை எடுத்தார். பெயின்ட் பிரிவுக்கு மூன்று. அக்காவுக்கு இரண்டு.

தரப் பரிசோதனைப் பிரிவு மொத்தமும் எழுந்தது. மிச்சம் ஐந்தையும் எண்ணு என்று கத்தினார்கள். அதில் நான்கோ ஐந்தோ அக்காவுக்கு இருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றியது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். மேலாளரின் கை வாளியின் விளிம்பிலேயே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா மேடைக்கு வந்து வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இதுல நான் ஜெயிச்சிருந்தா இன்னா பண்ணுவீங்க? அவங்களுக்கு வந்த ஹாட்பாக்ஸப் புடுங்குவீங்களா? எல்லாரும் பாக்கத்தான எடுத்தாங்க. வுடுங்க.”

யாராவது பதில் சொல்வதற்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், பாத்திரம் கழுவும் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு அது வேண்டும். அந்த அம்மா குழாயைத் திறந்தார். காகிதம் ஊறி, நீல மை கலைந்து தண்ணீரோடு போனதைப் பார்த்தேன். அதற்குள் கேன்டீனில் சத்தம் அடங்கியிருந்தது. பெயின்ட் பிரிவைப் பார்த்து முதலில் கைதட்டியது தரப் பரிசோதனைப் பிரிவிலேயே யாரோ ஒருவர்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அக்கா எனக்கு முன் இருக்கையில் இருந்தார். வருத்தமில்லையா என்று கேட்டேன். இருக்காதா என்று சிரித்தார். பிறகு, பெயின்ட் பிரிவின் நாடகம் நன்றாகத்தான் இருந்தது என்றார். அதில் கிழவனாக நடித்தவரின் இருமலைச் செய்துகாட்டினார். “இத்தினி வருசம் அவங்க டிராமாவ நான் ஒழுங்காப் பாத்ததே இல்ல சார். மேனேஜர் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

அடுத்த ஆண்டு எழுதுவீர்களா என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“அடுத்த தபா யார் பேரு வருமோ. அது தெரியாம எழுதணும், அதான் சார் கஷ்டம்” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. யாருடைய வசனத்தையோ சொல்லிப் பார்க்கிறார் என்று புரிந்தது.

அவர் இப்போதும் எழுதுகிறார். ஒருமுறை ஜெயித்தார், ஒருமுறை தோற்றார். நடுவர்களை இன்றும் வாளியில்தான் எடுக்கிறோம். மாத இதழுக்கு ஒரு சின்னச் செய்தி எழுத உட்கார்ந்தால்கூட, இதைப் படிக்கப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது, குலுக்கலில் யாருடைய பெயரும் வரலாம் என்ற நினைப்போடுதான் முதல் வரியைத் தொடங்குகிறேன்.