மார்பு அடர்த்தியும் நகாசி பஸ்ஸும்

இன்று காலை நகாசி பஸ்ஸில் போகும்போது, எங்கள் தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வருஷம் பிரிஸ்பேனுக்குக் குடிபோன என் தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். தமிழ்தானே, யாருக்குப் புரியப்போகிறது என்று சத்தமாகவே பேசினோம்.

“அக்கா, மார்பைப் படம் எடுத்தாங்க. ரொம்ப அடர்த்தியாம்.”

“தலைமுடிதான் கொட்டிப்போச்சு, அங்கயாவது அடர்த்தியா இருக்கட்டும்.”

அவள் சிரிக்கவில்லை.

“படத்துல அடர்த்தியும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. கட்டி இருந்தா ஒளிஞ்சுக்குமாம். கேன்சர் வர்ற வாய்ப்பும் கொஞ்சம் கூடவாம். ஸ்கேனும் பார்த்துட்டாங்க, எனக்கு ஒண்ணுமில்ல. நீ எப்போ போற?”

“எனக்கு மெத்துனுதான் இருக்கு, போ.”

“தொட்டுப் பார்த்தா அடர்த்தி தெரியாதுக்கா! படத்துலதான் தெரியும்!”

அழுத்திப் பார்த்தே இத்தனை வருஷம் திருப்தியாக இருந்தவள், “பயமா இருக்குடி” என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்ததும், பின் சீட்டிலிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்: “எனக்கும் பயமாத்தான் இருக்கு. சேர்ந்து போலாமா?”

சீட்டுக்கடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் நம்பர் வாங்கிக்கொண்டேன். வியாழக்கிழமை இருவரும் சூவா ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

நகாசி பஸ்ஸில் இன்னும் யார் யாருக்குத் தமிழ் தெரியும்? இப்போதே சொல்லிவிடுங்கள். போன வாரம் என் மாமியாரைப் பற்றியும் பேசியிருக்கிறேன்.