பஸ்ரியன் கடலில் செய்த பாவசங்கீர்த்தனம்

பள்ளிமுனையில் பஸ்ரியனைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவருடைய குரலைக் கேட்காதவர்கள் இல்லை. வாழ்நாள் முழுக்கப் படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்ததில் இரண்டு காதும் போய்விட்டன. கிளினிக்கில் கொடுத்த காதுக் கருவியை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போய், ஒரே கிழமையில் உப்புத் தண்ணீரில் பழுதாக்கினார்.

"போனது நல்லம் மிஸ்ஸி. அதுக்குள்ளால மனிசி கதைக்கிறதெல்லாம் கேட்டது" என்றார் என்னிடம்.

நான் வீடுகளுக்குப் போய் நோயாளரைப் பராமரிக்கிறவள். பஸ்ரியனின் குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் நாள் குறித்த பிறகு, பிறஷரும் சீனியும் பார்க்க அன்னப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். அன்னப்பிள்ளை அவருடைய மனைவி. இப்படி ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்தான், ஆனால் இடையில் நடந்தது கொஞ்சமில்லை.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில், "நான் முதல் போய் இடம் பாத்துப்போட்டு உன்னைக் கூப்பிடுறன்" என்று பஸ்ரியன் இந்தியாவுக்குப் படகேறினார். இடம் பார்த்தார். மண்டபம் அகதி முகாமில் வேறொரு பெண்ணையும் பார்த்தார். கூப்பிட மறந்துபோனார். பல வருடம் கழித்து அந்தப் பெண் துரத்திவிட்ட பிறகுதான் திரும்பி வந்தார். படலையில் நின்றவரை அன்னப்பிள்ளை மேலும் கீழும் பார்த்து, "காலைக் கழுவிப்போட்டு வாங்கோ, குழம்பு ஆறுது" என்றாராம். அதற்குப் பிறகும் கற்பிட்டிக்குத் தொழிலுக்குப் போனவர், அங்கேயும் ஒருத்தியுடன் தங்கிவிட்டு வந்தார். அப்போதும் குழம்பு இருந்தது. என்னைக் கேட்டிருந்தால் பூட்டை மாற்றச் சொல்லியிருப்பேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது ஒப்பரேஷன் மேசையிலேயே செத்துப்போவேன் என்று பஸ்ரியன் முடிவு கட்டியிருந்தார். குடலிறக்கத்தில் அப்படி லேசில் ஒருவரும் சாவதில்லை என்று காதுக்குள் கத்திச் சொன்னேன்.

"செத்தா மேல போய் என்னெண்டு முகத்தைக் காட்டுறது? இந்தியாவால வந்து இன்னும் பாவசங்கீர்த்தனம் செய்யேல்லை" என்றார்.

"அப்ப செய்யுங்கோ."

"அதில ஒண்டு அன்னத்துக்குத் தெரியாது. தெரிஞ்சா இந்த முறை குழம்பு இருக்காது."

இதை அவர் இரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறவேண்டும்; அது மனிசிக்குக் கேட்கக்கூடாது. அவருடைய சிக்கல் இதுதான். கோயிலில் ஒரு சனிக்கிழமை முயன்று பார்த்திருந்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, குருவானவரைச் "சாமி" என்று கூப்பிட்டுத் தொடங்கியதும், வரிசையில் நின்ற சனம் பின்னுக்குப் போகாமல் முன்னுக்கு வந்தது. வீட்டில் செய்யலாமென்றால் சுற்றிலும் தகர வேலி. பங்குத் தந்தை பாதர் றெக்சன், எழுதித் தரச் சொன்னார்.

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் பாதர் கடலுக்குப் போனனான்?"

கடைசியில் பஸ்ரியனே வழி கண்டுபிடித்தார். பாதரும் அவரும் படகில் போய்க் கொஞ்சத் தூரத்தில் நங்கூரம் போடுவது. அவருடைய மருமகன் நிதர்சன் இன்னொரு படகில் எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு அவர்களைச் சுற்றிச் சுற்றி வருவது. அந்த இரைச்சலில் கரைக்கு ஒன்றும் கேட்காது. நிதர்சன் மூன்று பிள்ளைகளின் தகப்பன்; சொன்னதைச் செய்வான், எரிபொருள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கமாட்டான்.

பாதர் றெக்சன் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயற்காரர்; கடல் பழக்கமில்லாதவர். படகில் ஏறும்போதே முகம் வெளிறியிருந்தது. அவருக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொன்னேன். ஒரு கையில் சிலுவையும் மறு கையில் எலுமிச்சம்பழமுமாகப் போனார். நான் கரையில் நின்றேன்.

கரையில் பெண்கள் வலைகளிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். அன்னப்பிள்ளையும் அவர்களோடு இருந்தார். நண்டு வாங்க வந்த சுலைஹா தராசுக்குப் பக்கத்தில் நின்றார். நிதர்சனின் எஞ்சின் நன்றாகத்தான் இரைந்தது. பிறகு இருமியது. பிறகு நின்றது.

தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது, காற்றும் இல்லை. பஸ்ரியனுக்கோ எஞ்சின் நின்றது தெரியாது. கண்களை இறுக மூடி, பாதரின் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய இரைச்சலை வெல்லுகிறவரைப் போலக் கத்திக்கொண்டிருந்தார். பாதர் அவருடைய தோளில் தட்டினார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினார் பஸ்ரியன். பாதர் கையை இழுத்தெடுத்து இரண்டு கையாலும் தட்டினார். எலுமிச்சம்பழம் கடலுக்குள் போனது.

முதலில் என்ன கேட்டது என்று எழுதமாட்டேன். பாவசங்கீர்த்தனத்தைத் தற்செயலாகக் கேட்டவரும் வாய் திறக்கக்கூடாது. திருச்சபையின் சட்டம் அது. நிதர்சனுக்கும் அது தெரியும்போல. படகிலிருந்து குதித்துத் தண்ணீருக்குள் மூழ்கினான். மூச்சு முட்டும்போது மட்டும் தலையை வெளியே நீட்டி, திரும்பவும் மூழ்கினான்.

கரையில் ஒரு கையும் அசையவில்லை. நண்டுகள்தான் அசைந்தன. அப்போது கடலிலிருந்து, "சாமி, இனிச் சொல்லப்போறது அன்னத்துக்குத் தெரியாது" என்று தெளிவாக வந்தது. அது பாவமல்ல, முன்னுரை, ஆகையால் எழுதலாம்.

அன்னப்பிள்ளை எழுந்து நின்றார். கையில் நண்டு வலை கிடக்க, தொண்டை கிழியும்படி செபமாலையைத் தொடங்கினார். அந்த மெலிந்த உடம்புக்குள் அவ்வளவு சத்தம் இருந்ததை நான் நினைத்துப் பார்த்ததில்லை. பெண்கள் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள்.

"வாய் என்ன பிடிச்சிருக்கோ? சொல்லுங்கோடி" என்று இடையில் ஒரு அதட்டல். முழுக் கரையும் சேர்ந்துகொண்டது. சுலைஹாவுக்குச் செபமாலை தெரியாது. பாவம், சும்மா நிற்கவும் மனம் வரவில்லை. தராசுத் தட்டை எடுத்துக் கல்லில் அடிக்கத் தொடங்கினார். நானும் செபித்தேன். பஸ்ரியன் பாவங்களைச் சொல்லி முடிக்கும்வரை செபமாலையின் மணிக்கு மணி இடைவெளி விடாமல் செபித்தோம்.

கரைக்கு வந்தபோது பஸ்ரியனின் முகம் சவரம் செய்த மாதிரி இருந்தது. பாதரை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

"என்ன, எல்லாரும் செபம் சொல்லுறியள்?" என்று பஸ்ரியன் கேட்டார்.

"உங்கட குடலுக்காக" என்று கத்தினார் அன்னப்பிள்ளை.

மத்தியானம் பிறஷர் பார்க்கப் போனேன். சோற்றுக்கு முன்னால் பஸ்ரியன் சாப்பிடாமல் இருந்தார். அவருடைய கையில் பட்டியைச் சுற்றினேன்.

"அன்னம், உனக்கு ஒண்டு சொல்லவேணும். உனக்கும் சொல்லச் சொல்லிச் சாமி சொன்னவர்."

"சாமி மன்னிச்சவரோ?"

"ஓம், மன்னிச்சவர்."

"அப்ப எனக்கு என்னத்துக்கு மிச்சம்? சோத்தைத் தின்னுங்கோ."

"எனக்கு இந்தியாவில ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு" என்றார். இது பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே, சாப்பாட்டு மேசையில், பக்கத்து வீட்டுக் கதிரைகளுக்கும் கேட்கும்படி சொன்னது. ஆகையால் இரகசியம் ஒருவருக்கும் இல்லை.

அன்னப்பிள்ளை அவருடைய சோற்றுக் கோப்பையில் நண்டுக் குழம்பை விட்டார். பிறகு காதுக்குக் கிட்டப் போய், "சுவேதினி. நேர்ஸ் வேலைக்குப் படிச்சவள். போன கிழமையும் போன் எடுத்தவள், ஒப்பரேஷன் எப்பவெண்டு கேட்டு" என்றார்.

பஸ்ரியன் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து சத்தம் வரவில்லை. பிறஷரைக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கலாம் என்று பட்டியைக் கழற்றினேன்.

"உனக்கு... எப்பிடி?"

"செவிடன்ர போனை ஆர் எடுக்கிறது? உங்களைத் தேடித்தான் எடுத்தவள். நான் கதைச்சன். வருசக்கணக்காக் கதைக்கிறன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான். நீங்கள் ஓம் ஓமெண்டுபோட்டு நித்திரைக்குப் போனியள்."

கோயிலில் நான் கேட்ட பிரசங்கங்களில் ஆண்டவர் எப்போதும் மெல்லிய குரலில்தான் மன்னிப்பார். இந்த வீட்டில் அது கத்திச் சொல்லப்பட்டும் போய்ச் சேர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. வழி தவறிப் போகிற ஆட்களின் காது அப்படித்தான் போலும். அதில் கண்ணீர் விட ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியதுதான்.

அன்னப்பிள்ளை போனை அழுத்தி அவருடைய கையில் கொடுத்தார். "மகளே!" என்று பஸ்ரியன் போட்ட சத்தத்தில் கூரைக் காகங்கள் எழும்பின. மறுமுனையில் அவள் ஏதோ சொன்னாள். அவர் கேட்காமல் விழித்தார். அன்னப்பிள்ளை போனில் காதை வைத்துக் கேட்டு, அவருடைய காதில் திருப்பிக் கத்தினார்.

"உங்களைப் பாக்க வரட்டோ எண்டு கேக்கிறாள்."

"நீ என்ன சொல்லுறாய்?" என்றார் பஸ்ரியன், சின்னக் குரலில்.

"வரச் சொல்லி எப்பவோ சொல்லிப்போட்டன்" என்றார் அன்னப்பிள்ளை. "அப்பாவின்ர வாயால கேக்கவேணுமெண்டு நிக்கிறாள். சொல்லுங்கோ."