அரக்கு நிற டெஸ்க்டாப்

மானிட்டர் மேல் போர்த்தியிருந்த பழைய பட்டுத் துணியைக் காலையில் உருவும்போது கண்ணாடியிலிருந்து படபடவென்று ஒரு சின்னச் சத்தம் வரும், முன்கை மயிர் எழுந்து நிற்கும், சூடேறிய தூசியின் வாசனை மூக்கில் ஏறும். இளமைக்காலம் என்றதும் எல்லோரும் உருகி உருகி எழுதுகிறார்கள், எழுதட்டும், எனக்கு அந்தச் சத்தத்தை நினைத்தாலே வயிறு எரிகிறது. அந்த ஒரு கோடை விடுமுறையைப் பற்றி நாலு பேரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கவேண்டும் என்று இத்தனை வருஷமாக எனக்கு ஆத்திரம்.

அப்பா ஆரணியில் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். அம்மா பட்டுச் சேலைக் கரைக்கும் முந்தானைக்கும் டிசைன் எழுதுவாள். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலால் அடைத்து மாங்காயோ மயிலோ கொண்டுவருவாள். அதைப் பார்த்துத்தான் தறியில் மாட்டும் அட்டையில் துளை அடிப்பார்கள். ஊரில் எத்தனையோ தறிகளில் அவள் எழுதியது ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் நடுவில் ஒரு தரகர் வந்து தாள்களை வாங்கிப் போய்விடுவதால், கடைக்காரர் ஒருவருக்கும் அவள் பெயர்கூடத் தெரியாது. இனிமேல் டிசைன் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று பேச்சு வந்தபோது, மூடப்போகிற ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து அப்பா பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். அப்போது நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன்.

தேவிகாபுரத்தில் எட்டாவது வரை படித்த அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஸ்கேன் செய்து ஏற்றிய டிசைன்களை நான்தான் ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்துக் கொடுத்தேன். ஆனால் எல்லாம் ஒரே மஞ்சள் நிறத்தில் இருந்ததால், மயில் எங்கே, ருத்ராட்சம் எங்கே என்று என்னைக் கூப்பிட்டபடியே இருப்பாள், எனக்குப் "பேஜாராக" இருக்கும். பள்ளியில் யாரோ சொன்ன வித்தை நினைவுக்கு வந்தது. பெயிண்ட்டில் முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு புள்ளியில் படம் வரைந்து, ஐகான் என்று பெயர் மாற்றிச் சேமித்து, ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் அதைக் காட்டிவிட்டால், ஃபோல்டர் அந்தப் படமாகவே தெரியும். பெரிதாக்கிக் காட்டியதும் அம்மா சிரித்துவிட்டாள். "இன்னா பாப்பா, இது நம்ம கட்டந்தான?" என்று மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளை யாரும் பிடிக்க முடியவில்லை. ஒரே வாரத்தில் நாற்பது ஃபோல்டருக்கும் நாற்பது படம், அந்தப் படங்களை எல்லாம் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தோம். நகம் அளவு இடத்தில் அன்னத்தின் கழுத்தை அவள் வளைத்திருந்த அழகை இன்றைக்குச் சம்பளம் வாங்கி ஐகான் வரைகிறவர்கள் பார்க்கவேண்டும். பின்னணியை அரக்கு நிறமாக்கச் சொன்னாள். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை கரை டிசைன்கள், நடுவில் பரவலாகப் புட்டா என்கிற சின்னப் பூக்கள், வலது பக்கம் நெருக்கமாக முந்தானை டிசைன்கள். தள்ளி நின்று பார்த்தால் திரை முழுக்க விரித்துப் போட்ட சேலை. குப்பைத் தொட்டி ஐகானை மட்டும் எங்கே வைப்பது என்று அரை நாள் யோசித்து, கடைசியில் மூலையில் தள்ளினாள். படமே போதுமே என்று நான் ஃபோல்டர்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. நியூ ஃபோல்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்றே கிடந்தன. அந்தச் சோம்பேறித்தனத்துக்கு என்னை நானே அறையலாம்.

அந்தச் சமயத்தில்தான், சென்னையில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர், தரகர் இல்லாமல் தாமே நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். பிடித்திருந்தால் அடுத்த தீபாவளிக்கு அவர் கடைச் சேலைகள் மொத்தத்துக்கும் அம்மாதான் டிசைன். அம்மா முதல் முறையாக, தான் எழுதியதைத் தானே உட்கார்ந்து காட்டப்போகிறாள்.

அன்று காலை சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி; வேலூரில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவர், அதை வாரத்துக்கு ஏழு முறை சொல்லுகிறவர். திரையைப் பார்த்ததும், "இன்னா அண்ணி இது? டெஸ்க்டாப்பா, கொடியில காயப்போட்ட துணியா? வர்றவரு பாத்தா சிரிப்பாரு" என்றார். "எனக்கு அதான் தம்பி சௌகரியம்" என்று சொல்லிவிட்டு அம்மா கேசரி கிளறப் போய்விட்டாள். அவள் நகர்ந்ததும் அவர் உட்கார்ந்தார். அம்மாவின் ஐகான் படங்கள் இருந்த ஃபோல்டரை வேண்டாத குப்பை என்று அழித்தார், தொட்டியையும் காலி செய்தார், ஃபோல்டர்கள் எல்லாம் பழைய மஞ்சளுக்குத் திரும்பின. ரைட் கிளிக் செய்து ஏதோ ஒன்றை அழுத்த, அத்தனையும் இடது ஓரத்தில் ரேஷன் கடை வரிசையாய் நின்றன. அரக்கு போய் ஒரு சிவப்புக் கார் வந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்தவள் பொருளைத் தொடுகிறோமே என்ற கூச்சம் அந்த மனிதருக்கு ஒரு துளி இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கடைக்காரர் வந்தார். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள், திரையைப் பார்த்தாள். "மயில் முந்தானை இருந்தா காட்டுங்கம்மா" என்றார் அவர். ஒன்றைத் திறந்தாள், அதில் புட்டா. இன்னொன்றைத் திறந்தாள், கட்டம் போட்ட கரை. மவுஸ் அம்பு திரையில் அலைந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நவுருங்க அண்ணி, நான் ஜல்தியா காட்றேன். அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க" என்று சித்தப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்தார். அம்மா எழுந்தாள்.

எழுந்தவள் எழுந்தவள்தான். "தம்பிக்கு நல்ல கைங்க" என்று, சித்தப்பாவே வரைந்ததாக நினைத்துக் கடைக்காரர் பாராட்டினார், தம்பியும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். வேலை கிடைத்தது, அவருக்கு. அதன் பிறகு அம்மா தாளில் எழுதுவாள், அவர் கம்ப்யூட்டரில் ஏற்றித் தன் பெயரில் கொடுப்பார். "படிச்சவன் செஞ்சா சரியா இருக்கும்" என்றார் அப்பா. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இப்போது சித்தப்பாவுக்குச் சொந்தமாக டிசைன் சென்டர் இருக்கிறது, வாசலில் அவர் பெயர் போட்ட பலகை. அந்தப் பழைய கம்ப்யூட்டர் எடைக்குப் போய்விட்டது. அம்மா வரைந்த நாற்பது ஐகானில் ஒன்றுகூட இன்று எங்கேயும் இல்லை.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவுக்கென்று ஒரு லேப்டாப் வாங்கிப்போனேன். பின்னணிக்கு அரக்கு நிறம் வைத்து, வரைவதற்குக் கட்டத்தையும் திறந்து, "உக்காரும்மா" என்றேன். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "நீயே போடு கண்ணு, நான் பாத்துகினு இருக்கேன்" என்றாள். எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை கோபமும், சித்தப்பாவிடம் ஒரு நாளும் கத்தாத நான் அவளிடம் கத்தினேன். அன்னிக்கே எழுந்திருக்காம உக்காந்திருக்கலாம் இல்ல, இது நான் வரைஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல, ஏன் சும்மா எழுந்து போன என்று கேட்டேன்.

அம்மா கோபப்படவில்லை. "நீயுந்தான அங்க நின்னுகினு இருந்த" என்றாள்.

நின்றுகொண்டிருந்தேன். எந்த ஃபோல்டரில் மயில் என்று எனக்குத் தெரியும். அன்று காலையில் சித்தப்பா அழிக்கும்போதும் பக்கத்திலேயேதான் நின்றேன். அவர் எனக்காக வாங்கி வந்திருந்த கார் பந்தய சி.டி. என் கையில் இருந்தது, வேலை முடிந்ததும் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்.