ஏழு ஈயக் குண்டுகள்

என் சின்ன மாமாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்ற பேச்சு எங்கள் தெருவில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பியது. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபோது, அவர் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காகிதக் குழலைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டிருந்தார். குழலோடு சேர்ந்து அவரும் சுற்றினார். பக்கத்து வீட்டு மாமி அம்மாவிடம், "ஏன் புள்ள, உன் தம்பி நல்லாத்தான இருந்தான்?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தாள்.

அது ராக்கெட் என்று அம்மா சொல்லவில்லை. சொன்னால் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

அறுபதுகளில் பேப்பரைப் பிரித்தாலே யாராவது ஒருவர் ராக்கெட் விட்டிருப்பார். நாங்கள் இருந்தது கடலூர் முதுநகரில், மீன் வாடையும் துறைமுகச் சங்குச் சத்தமும் வந்து சேர்கிற ஒரு தெருவில். சின்ன மாமா சிதம்பரத்தில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. படித்தார். சனிக்கிழமை ரயிலில் வந்து திங்கட்கிழமை போவார். எனக்கு வாரம் என்பதே அந்த இரண்டு நாள்தான். மற்ற ஐந்து நாளும் நான் பள்ளிக்கூடம் போனதாகச் சொல்கிறார்கள்.

அந்த வருஷம் பரீட்சை முடிந்து அவர் வீட்டோடு வந்திருந்த சமயத்தில், பினாங்கில் கடை வைத்திருந்த பெரிய மாமா லீவில் வந்திறங்கினார். வந்த இரண்டாம் நாள், எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் கை வைத்தபடியே விஷயத்தைச் சொன்னார். கடைக்கு ஆள் வேண்டும், தம்பியை அழைத்துப் போகப் போகிறார். சின்ன மாமா மேலே எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்றார்.

"நாலு வருசம் படிச்சியே, இன்னாடா கத்துக்கிட்ட? கண்ணால பாக்குற மாரி ஒண்ணு காட்டு, பாப்போம்."

"குச்சி இல்லாத வாணம் விட்டுக் காட்டுறேன். நேரா மேல போச்சுன்னா நான் படிக்கிறேன். போவலன்னா உங்ககூட கப்பல் ஏறுறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

பெரிய மாமா சிரித்துவிட்டார். ஏனென்றால் குச்சி இல்லாத வாணத்தை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. திருவிழாவில் விடுகிற வாணத்துக்கு மருந்துக் குழல் ஒரு சாண் என்றால், அதில் கட்டுகிற மூங்கில் குச்சி ஆள் உயரம் இருக்கும். அந்தக் குச்சிதான் வாணத்தை நேராகப் போக வைக்கும். மருந்துக் குழல் வாங்கப் போனபோது வாணக்காரரும் அதையே சொன்னார். "வாலு இல்லன்னா அது யாரு வூட்டுல பூரும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும் தம்பி."

சின்ன மாமாவின் ராக்கெட் என் முழங்கை நீளம்கூட இல்லை. கெட்டித் தாளைச் சுருட்டி ஒட்டிய குழல். அடியில் மூன்று அட்டைச் சிறகு. முன்னால் கடைசல்காரரிடம் கடைந்து வாங்கிய குடைந்த மர மூக்கு, பம்பரத்தைத் திருப்பி வைத்த மாதிரி. திருகினால் கழன்று வரும். குழலோ குட்டை, பின்னால் செருகிய மருந்தோ திருவிழாக் கனம். அதனால் கயிற்றில் கட்டிச் சுற்றும்போதெல்லாம் ராக்கெட் புட்டத்தை முன்னால் நீட்டிக்கொண்டு போனது. மாமா கடற்கரைக்குப் போய், வலையின் அடிவிளிம்பில் கோக்கிற ஈயக் குண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார். ஒவ்வொன்றாக மூக்குக்குள் போட்டுச் சுற்றினார். ஐந்தில் தடுமாறியது. ஆறில் பக்கவாட்டில் நின்றது. ஏழில் மூக்கை முன்னால் வைத்துக்கொண்டு சமர்த்தாகச் சுற்றியது. மாமா மாடியிலேயே ஒரு குதி குதித்தார். அந்தக் குதியைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு மாமி அம்மாவிடம் ஓடி வந்தது.

அந்த ஏழு குண்டையும் மூக்குக்குள் வைத்து, ஆடாமலிருக்கப் பஞ்சால் அடைத்து, மூக்கைத் திருகி, ராக்கெட்டைப் பீரோ மேல் வைத்தார்.

எனக்கு வயது ஒன்பது. எனக்குத் தெரிந்த உலகத்தில் பறக்கிறதெல்லாம் லேசானது. காத்தாடி, இறகு, எருக்கம் பஞ்சு. கனமானதெல்லாம் விழுகிறது. இதில் பெரிய மாமா வேறு சனிக்கிழமை இரவு அம்மாவிடம், "மூக்குல ஈயத்தக் கட்டிக்கினு எதும்மா மேல போவும்? நீ அவன் பொட்டிய கட்டி வையி" என்று சொன்னது என் காதில் விழுந்தது.  சின்ன மாமா இவ்வளவு படித்தவர், இந்தச் சின்ன விஷயத்தில் ஏமாந்துவிட்டாரே என்று அவர்மேல் பரிதாபமாக இருந்தது. சொன்னால் கேட்க மாட்டார். படித்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிட்டு அயர்ந்திருந்தபோது நாற்காலி போட்டு ஏறினேன். மூக்கைத் திருகினேன். பிஸ்மி சொல்லிக்கொண்டு ஏழு குண்டையும் எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டேன். பஞ்சை மட்டும் திரும்ப அழகாக அடைத்து வைத்தேன். மாமாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அன்று அவருக்குப் பக்கத்திலேயே பாயில் படுத்துத் தூங்கினேன்.

அன்று சாயங்காலமே அஸர் தொழுதுவிட்டு எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். பெரிய மாமா பினாங்குக் குடையோடு வந்தார். வாணக்காரரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். சின்ன மாமா மணலில் இரும்புக் கம்பியை நட்டு, அதில் மாட்ட ராக்கெட்டைப் பையிலிருந்து எடுத்தார். எடுத்தவர் ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினார். கையில் வைத்து ஒரு தரம் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாடா யோசன? மக்ரிபுக்கு நேரமாவுது, கொளுத்து" என்றார் பெரிய மாமா.

மாமா கொளுத்தினார்.

அது கிளம்பிய வேகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கம்பியை விட்டு ஒரு தென்னை உயரம் போயிருக்கும். நான் கையைத் தட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் அது அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டது, ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு தலைகீழாக இறங்கி, மணலை ஒட்டிச் சீறிக்கொண்டு பெரிய மாமாவைத் துரத்தியது. அவர் குடையைப் போட்டுவிட்டு லுங்கியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். கடைசியில் அது காயப்போட்டிருந்த கருவாட்டுக்குள் புகுந்து புகைந்தது. கருவாட்டுக்காரம்மா எங்கள் ஏழு தலைமுறையையும் வரிசையாக அழைத்தாள்.

"நான் அப்பவே சொன்னேன் தம்பி, வாலு வேணும்னு" என்றார் வாணக்காரர், ரொம்ப வருத்தமாக.

சின்ன மாமா கருவாட்டுப் பக்கம் போனார். கருகிய குழலை எடுத்து மூக்கைத் திருகினார். உள்ளே பஞ்சு மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது பெரிய மாமாவும் அம்மாவும் முன்னால் போனார்கள். நானும் சின்ன மாமாவும் பின்னால். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன்: "மாமா, நான் கனத்த எல்லாம் எடுத்துட்டேனே. அப்பவும் ஏன் மாமா போவல?"

அவர் அப்படியே நின்றுவிட்டார். நான் முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், முன்னால் பத்து அடியில் போய்க்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல மாமா."

"சொல்லாத. அம்மாகிட்டகூட." குண்டுகளை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். ஒன்பது வயதுக்கு நான் நல்ல கனம்.

பெரிய மாமா கோபக்காரர், ஆனால் நியாயஸ்தர். "அண்ணே, இந்தப் புள்ள ஈயத்த எடுத்துட்டாண்ணே" என்று அங்கேயே ஒரு குரல் கொடுத்திருந்தால், இன்னொரு முறை விட்டுப் பார் என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு முதுகில் இரண்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். இது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. நானும் சிதம்பரத்தில் படிக்கப் போய், அம்புக்கு ஏன் முனை கனம் வேண்டும் என்று வாத்தியார் கரும்பலகையில் படம் போட்ட நாளில், வகுப்பு என்றும் பாராமல் அழுதேன். வாத்தியார் பாடம் கடினமாக இருக்கிறதா என்று கேட்டார். மாமா அப்போது பினாங்கில் பன்னிரண்டு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கடிதத்திலும் அம்மாவுக்கு, "மருமவளைப் படிக்க வையுங்க" என்று ஒரு வரி இருக்கும்.

அவர் கப்பல் ஏற நாகப்பட்டினம் போன அன்று, விடுதியில் கிடந்த பெட்டியை எடுப்பதற்காக எல்லோரும் சிதம்பரத்தில் இறங்கினோம். நானும் அம்மாவும் அதோடு வீடு திரும்புவதாக ஏற்பாடு. அடுத்த ரயில் வந்து, அவர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைக் கிட்டே கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஈயக் குண்டுகளை எடுத்து என் கையில் கொட்டி, விரல்களை மூடினார்.

"உங்கிட்டயே இருக்கட்டும் மருமவளே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கரி எஞ்சின் தூசு என்று நினைத்தேன்.

ரயில் போன பிறகு எண்ணிப் பார்த்தேன், சரியாக ஏழு. ஏழாங்கல் ஆட மாமா கொடுத்திருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கூழாங்கல் போலப் பக்கவாட்டில் ஓடாமல், போட்டால் நேராகப் போய் நேராகக் கைக்கு வந்தது. எங்கள் தெருவில் அப்படிப்பட்ட கல் வேறு யாரிடமும் இல்லை. அந்த வருஷம் முழுக்க எல்லாரையும் நான்தான் ஜெயித்தேன்.