பகலில் எங்கே இருந்தார்கள்?

திருப்பதி ஆபீஸில், திரையில் எங்கள் காலனி மட்டும் சிவப்புப் புள்ளிகளாகக் கிடந்தது. குடிபாலா பக்கம், வேலூர் எல்லையை ஒட்டிய ஊர். ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும் காய்ச்சல் வந்து சிலர் படுத்திருந்தார்கள், சிலர் போயே போய்விட்டார்கள். மாட்டு உண்ணி சுமக்கும் வைரஸ் என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அது எங்கிருந்து எங்கே பரவும் என்று கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்வது என் வேலை. படுத்திருந்தவர்களில் ஒருத்தி என் அக்கா.

"காலனியிலதான் கிளம்பியிருக்கு. ஆளுக்கு ஆள் ஒட்டுது. சுத்தி அடைச்சுடுவோம், ஒருத்தரும் வெளிய வரக்கூடாது," என்றார் அதிகாரி. வேலி கட்டுவதற்கான சவுக்குக் கட்டைகள் அன்று காலையே காலனி முனையில் இறங்கிவிட்டன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எது வந்தாலும் எங்கள் தலையில்தானா? காலனியில் அரை ஏக்கர், கால் ஏக்கர் என்று இப்போதுதான் நிலம் பார்த்திருக்கிறார்கள். இன்னும் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அடைத்துப்போட்டால் என்ன துன்னுவார்கள்?

"சார், அது எங்க ஊரு," என்றேன்.

"அப்போ நீங்க இதுல ஒதுங்கிக்கறது நல்லது மேடம்."

"ஒதுங்க மாட்டேன். நாளைக்கு வரைக்கும் டைம் குடுங்க."

நேராகச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கண்டம் தாண்டியிருந்தாள். மூக்கையும் கையையும் மூடிக்கொண்டு எட்டத்தில் நின்றே, காய்ச்சலுக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

"இன்னாடி செஞ்சேன்? எப்பவும் போல பெரிய தெரு மாட்டுக் கொட்டாய்ல உண்ணி பொறுக்கிக்கினு இருந்தேன். புடுங்கி, ரெண்டு கட்டவெரல் நகத்துக்கும் நடுவுல வெச்சு நசுக்குவேன்."

"நெருப்புல போடக்கூடாதாக்கா?"

"நெருப்புல போட்டா இன்னாத்த காட்றது? சாயங்காலம் கொட்டாய்க்கார அம்மா நகத்த பாக்கும். செவந்திருந்தாதான் கூலி."

அட கடவுளே! ஊரறிந்த வழக்கம்தான். வேலை செய்ததற்குச் சாட்சி நகத்தில் காயும் உண்ணி ரத்தம். அது நகக்கண் வெடிப்பில் இறங்கினால் போதாதா?

"புள்ளைங்க?"

"ஒரே பாய்லதான் எங்கூட படுத்துக்கினு இருந்துதுங்க. ஒண்ணுத்துக்கும் ஒண்ணும் இல்ல."

ஆளுக்கு ஆள் ஒட்டியிருந்தால் முதலில் அந்தப் பிள்ளைகள் அல்லவா படுத்திருக்க வேண்டும்? அதிகாரி எனக்குக் கொடுத்த பட்டியல் ஒவ்வொருவரையும் ரேஷன் கார்டு விலாசத்தில், அதாவது இரவில் தூங்கும் இடத்தில் வைத்திருந்தது. பகலில் எங்கே இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. படுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டேன். ஒவ்வொருவரையும் அவரவர் வேலைக்குப் போன இடத்தில் வைத்து, கம்ப்யூட்டர் கணக்கை மறுபடி ஓட்டினேன். சிவப்பு மொத்தமும் காலனியை விட்டுப் பெரிய தெருக் கொட்டாய்களில் போய் உட்கார்ந்தது. பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம்.

மறுநாள் அதிகாரி பார்த்தார். "மாடு வெச்சிருக்கறவங்க ஒருத்தரும் படுக்கலையே?"

"அவங்க உண்ணிய தொடறதில்ல சார். அதுக்குத்தான் எங்க ஆளுங்க இருக்காங்களே."

"எந்துகு மேடம், எதுக்கு வம்பு? பெரிய மனுஷங்க. முதல்ல காலனிய அடைப்போம், கொட்டாய அப்புறம் பாத்துக்கலாம்."

"அடைச்சா எங்க பொம்பளைங்க போக மாட்டாங்க. உண்ணிய அந்த வீட்டுக்காரங்களே பொறுக்கணும். அப்போ என்ன ஆகும்னு ஓட்டிக் காட்டட்டுமா?"

ஓட்டிக் காட்டினேன். பெரிய தெருவில் வீட்டுக்கு வீடு சிவப்புப் புள்ளி முளைத்தது. அவர் முகம் செத்துப்போனது. உடனே போனை எடுத்தார். மாடுகளுக்கு மருந்தடிக்க ஆள் போனது, கட்டைகள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின. எங்கள் உயிர் என்றபோது இறங்காத மனசு, அவர்கள் உயிர் என்றதும் இறங்கியது. எப்படியோ நல்லது நடந்ததே என்று என்னால் சொல்ல முடியாது. அன்றைக்கும் கோபம்தான், இன்றைக்கும் கோபம்தான்.

அக்கா தேறி வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. நானும் அங்கே இருந்தேன். கொட்டாய்க்கார அம்மா காலனி முனைவரை வந்து, உள்ளே கால் வைக்காமல், "எப்ப வேலைக்கு வர்ற?" என்று குரல் கொடுத்தார்.

அக்கா மெதுவாக எழுந்து போய் இரண்டு கட்டைவிரலையும் நீட்டினாள்.

"நல்லா பாத்துக்கோம்மா. வெள்ளையா கீதுல்ல? இனிமே இப்டித்தான் இருக்கும். கைக்கு உறை வாங்கி வெச்சிட்டு ஆள் அனுப்பு, வரேன்."