ஒரு மணிக்குப் போகும் செய்தி

லூயிசாவுக்கு யார் மேலும் எளிதில் நம்பிக்கை வராது. சாந்தோமில் பதினோரு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவள்; சுற்றுலா போனால் பிள்ளைகளின் தலைகளை மூன்று முறை எண்ணாமல் பஸ்ஸை நகர விடமாட்டாள். புரோகிராம் எழுதக் கற்று அடையாறு கம்பெனிக்கு வந்தபோது, அங்கே புரோகிராம்களை ஓட்டப் பயன்படுத்திய மென்பொருள் லைப்ரரி அவள் மனசுக்கென்றே செய்தது போலிருந்தது. ஒரு தாய் வேலை பல பிள்ளை வேலைகளைத் தொடங்கலாம்; அவை எல்லாம் முடியாமல் தாய் முடியாது. தாயை நிறுத்தினால் பிள்ளைகளும் நின்றுவிடும்.

ஆனாலும் மூன்று வாரமாக ஏதோ ஒன்று தப்பி ஓடிக்கொண்டிருந்தது.

கிளினிக்குகளுக்கு அப்பாயிண்ட்மெண்ட் பதிவு செய்து தரும் கம்பெனி அது. மூன்று மணி அப்பாயிண்ட்மெண்டைக் காலையிலேயே ரத்து செய்தவர்களுக்கும் மதியம் ஒரு மணிக்கு, "டாக்டர் காத்திருக்கிறார்" என்று செய்தி போனது. கோட்டூர்புரத்துப் பெரியவர் ஒருவர் வாக்கரோடு ஆட்டோவில் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்.

ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போவார்கள். ஸ்ரீகிருஷ்ணா மட்டும் அசையமாட்டான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். அவள் எட்டிப் பார்த்தால் சட்டென்று திரையை மாற்றுவான்.

"இன்னாக்கா, என் மூஞ்சில எதுனா எழுதிக்கீதா?"

அந்தச் சிரிப்பு அவள் சந்தேகத்தைக் கூட்டியது. புதன்கிழமை காலை மேனேஜர் சுந்தரராமனிடம் சொல்லியே விட்டாள். "அவன்தான் சார் கையால அனுப்புறான். இன்னைக்குப் பிடிச்சுக் குடுக்கிறேன்."

மதியம் லேப்டாப்போடு தூணுக்குப் பின்னால் நின்றாள். அன்று பார்த்து அவன் டீ குடிக்கக் கீழே போய்விட்டான். நாற்காலி காலி. அறையில் ஒருவரும் இல்லை. ஒரு மணி ஆனதும், ரத்தான ஒரு பதிவுக்கு அந்தச் செய்தி போனதாக அவள் திரை காட்டியது.

 எல்லோரையும் சந்தேகப்பட்டவள், தான் எழுதியதை மட்டும் திறந்தே பார்க்கவில்லை. திறந்தாள். நினைவூட்டும் வேலை தாயோடு இல்லை. தனியே ஓடட்டும் என்று பிரித்து விடப்பட்டிருந்தது. பிரித்தவள் அவளேதான். மூன்று வாரத்துக்கு முன், பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு ஓடிய அவசரம். அந்த வேலை முடியட்டும் என்று புரோகிராமின் சோதனை ஓட்டம் காத்துக்கொண்டே நின்றதால், இப்போதைக்கு என்று வெட்டிவிட்டிருந்தாள். பதிவு ரத்தாகித் தாயை நிறுத்திய சேதி அதற்கு எட்டவே இல்லை.

அவள் போய்ச் சொன்னதும் சுந்தரராமன் நம்பவில்லை. "அவன் மிரட்டினானா?"

"இல்ல சார். மாத்தின தேதியப் பாருங்க. என் பேரப் பாருங்க."

பார்த்தார். முகம் வெளுத்தது. "காலம்பறயே அவன் என்ட்ரி கார்டை முடக்கச் சொல்லிட்டேனே!"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கையில் டீ கப்போடு ஸ்ரீகிருஷ்ணா கார்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்குதான் எரிந்தது. லூயிசா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"இன்னாக்கா, கதவுக்குக் கூட என்னைப் புடிக்கல போல!"

"நான்தான்ப்பா முடக்க வெச்சேன். நீதான் அனுப்புறேன்னு சொன்னேன். தப்பு நான் எழுதின புரோகிராம் கோடுல இருக்கு." அவள் கண்கள் பொங்கின.

அவன் சிரிப்பு அணைந்தது. "எனக்கும் உங்க கோடு மேலதான்க்கா டவுட்டு. நாலு நாளா சோறு துண்ணாம அதைத்தான் பாத்துக்கினு இருந்தேன். சொன்னா கோச்சுக்குவீங்கன்னு மறைச்சேன். நீங்க நேரா சார்கிட்ட போய்ட்டீங்க."

"உள்ள வாப்பா."

"சார் வந்து எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். அப்புறம் வர்றேன்."

கதவு மூடிவிடாமல் தன் செருப்பைக் கழற்றி இடையில் வைத்துவிட்டு, லூயிசா வெறுங்காலோடு சுந்தரராமன் அறையை நோக்கி நடந்தாள்.